ஒப்பந்தம் என் பெயரில், வெளியேற மறுப்பவர் அவர்: சட்டத்தில் எனக்கு என்ன வழி?

வேலைக்காகத் தென் மாவட்டம் ஒன்றிலிருந்து சென்னைக்கு வந்த 31 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

இரண்டரை ஆண்டுகளாக ஒருவரோடு சேர்ந்து வாழ்கிறார். வேளச்சேரிப் பக்கம் ஒரு மாடி வீடு, மாத வாடகை 18,000 ரூபாய். வாடகை ஒப்பந்தம் வாசகியின் பெயரில் மட்டுமே இருக்கிறது. அட்வான்ஸாகக் கொடுத்த 50,000 ரூபாயில் 20,000 அந்த மனிதருடையது. வீட்டின் உரிமையாளர் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். அவரிடம் இருவரும் கணவன் மனைவி என்றே சொல்லிக் குடிவந்திருக்கிறார்கள். தனக்கு முன்பே திருமணமாகி விவாகரத்தும் முடிந்துவிட்டது என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். தீர்ப்பின் நகலை வாசகி பார்த்ததில்லை.

எட்டு மாதங்களுக்கு முன் அவர் வேலையை விட்டார். அன்றிலிருந்து வாடகை, கரண்ட் பில், சிலிண்டர், மளிகை எல்லாமே வாசகியின் சம்பளத்தில்தான். குடிப்பழக்கம் அதிகமாகிவிட்டது. சமீபத்தில் இரண்டு முறை அடித்திருக்கிறார். ஒரு முறை கையை முறுக்கியதில் மணிக்கட்டு வீங்கி மருத்துவமனைக்குப் போயிருக்கிறார் வாசகி. "படியில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று அங்கே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வீட்டை விட்டுப் போகச் சொன்னால், "ஆதார் அட்டையில் என் முகவரியே இதுதான். எனக்கும் இந்த வீட்டில் உரிமை உண்டு. போலீஸுக்குப் போனால் நம் படங்களை உன் அப்பாவுக்கு அனுப்புவேன்" என்று மிரட்டுகிறாராம்.

வாசகி கேட்பவை நான்கு. திருமணமே ஆகாத எனக்குச் சட்டத்தில் இடமில்லைதானே? அவர் ஊருக்குப் போகும்போது பூட்டை மாற்றிவிடலாமா? உரிமையாளரிடம் சொல்லி அவரை வெளியேற்றலாமா? பேசாமல் நானே வீட்டை விட்டுப் போய்விடட்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் "தப்பு என்னுடையதுதான்" என்ற வரி மூன்று இடங்களில் வருகிறது. வயது வந்த இருவர் திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்வது இந்தியச் சட்டத்தில் குற்றமே இல்லை. நடிகை குஷ்பு தொடர்பான வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. காவல் நிலையத்தில் யாராவது உங்களைப் பார்த்து முகம் சுளித்தால், அது அவருடைய சொந்த அபிப்பிராயம். அதற்காக உங்கள் புகாரை வாங்க மறுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உரிமையாளரிடம் "கணவன் மனைவி" என்று பொய் சொன்னதை நினைத்துத்தான் நீங்கள் மிகவும் கூசுகிறீர்கள். ஆனால் நீங்கள் நீதிமன்றத்துக்குப் போனால், உங்கள் பக்கத்தின் மிக வலுவான சான்றுகளில் ஒன்றாக நிற்கப்போவது அதுதான்.

திருமணம் ஆகவில்லை என்பது தடையா?

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் மனைவிக்கு மட்டுமானது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. "திருமணத்தின் தன்மை கொண்ட உறவில்" ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்ணுக்கும் அது பொருந்தும். எது அப்படிப்பட்ட உறவு என்பதைக் கோயம்புத்தூரில் தொடங்கிய ஒரு வழக்கில்தான், வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில், 2010-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. இருவரும் சமூகத்தின் முன் தம்பதியாக நடந்துகொண்டிருக்க வேண்டும். திருமண வயதை அடைந்திருக்க வேண்டும். திருமணம் செய்துகொள்ளச் சட்டப்படி தகுதி உள்ளவர்களாக, அதாவது வேறொரு திருமணம் நிலுவையில் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். விருப்பத்தோடு, குறிப்பிடத்தக்க காலம் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் சந்தித்துக்கொள்ளும் உறவு இதில் அடங்காது. 2013-இல் இந்திரா சர்மா வழக்கில் இன்னும் சில அளவுகோல்கள் வந்தன. எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள், வரவு செலவைச் சேர்ந்து பார்த்துக்கொண்டார்களா, வீட்டு வேலைகளை எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள், நண்பர்கள் முன் எப்படிப் பழகினார்கள் என்பவை அவற்றில் சில.

இப்போது உங்கள் கதையை அதில் வைத்துப் பாருங்கள். இரண்டரை ஆண்டுகள், ஒரே வீடு, இருவர் பணத்தில் கொடுத்த அட்வான்ஸ், தம்பதி என்றே அறிந்திருக்கும் உரிமையாளர். தனக்கு உரிமை தந்துவிடும் என்று அவர் நம்பக்கூடிய அந்த 20,000 ரூபாய்கூட, வரவு செலவு சேர்ந்தே நடந்தது என்பதற்கு உங்கள் சான்றாகிறது.

ஆனால் ஒரு பெரிய கேள்வி நிற்கிறது. அவருடைய விவாகரத்து உண்மையிலேயே முடிந்ததா? இந்திரா சர்மா வழக்கில் அந்த மனிதர் மணமானவர் என்பது அந்தப் பெண்ணுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருந்தது. அவருக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கவில்லை. நீங்கள் அறிந்து வாழ்ந்தவர் இல்லை, விவாகரத்து முடிந்தது என்று நம்பவைக்கப்பட்டவர். இந்த வேறுபாடு உங்களுக்குச் சாதகமாக வாதிடக்கூடியது. என்றாலும் எதிர்த்தரப்பு முதலில் எழுப்பப்போவது இதுவே என்பதால், தயாராக இருங்கள். விவாகரத்து ஆகிவிட்டது என்று அவர் சொன்ன வாட்ஸ்அப் செய்திகள் பழைய உரையாடலில் எங்காவது இருக்கும். தேடி எடுத்து வையுங்கள். எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு என்ற விவரம் தெரிந்தால் உங்கள் வழக்கறிஞர் விசாரித்துவிடுவார்.

அந்த வீட்டில் அவருக்கு என்ன உரிமை?

சட்டப்படி மிகக் குறைவு. ஆதாரில் இருக்கும் முகவரி யாருக்கும் வீட்டில் உரிமை தராது. ஒரு வீட்டில் இரண்டரை ஆண்டுகள் தங்கியிருந்ததாலேயே ஒருவர் வாடகைதாரர் ஆகிவிடுவதும் இல்லை. ஒப்பந்தம் உங்கள் பெயரில், வாடகை உங்கள் கணக்கிலிருந்து. சொத்துச் சட்டத்தின் கண்ணில் அவர் உங்கள் அனுமதியின்பேரில் அங்கே இருப்பவர். அந்த அனுமதியை நீங்கள் திரும்பப் பெறலாம். பெற்றுக்கொண்டால், வெளியேறவும் தன் பொருட்களை எடுத்துச் செல்லவும் அவருக்கு நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் சொல்கிறது. அதன் பிறகும் போகவில்லை என்றால், வெளியேறும்படி உத்தரவிடக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அனுமதியை ரத்து செய்த பின் தாமதிக்காமல் தொடர வேண்டும்.

குடும்ப வன்முறைச் சட்டமும் "பகிர்ந்து வாழ்ந்த வீட்டில்" வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்குத்தான் தருகிறது. அந்தச் சட்டத்தின் கீழ் அவர் உங்கள்மேல் மனு போட முடியாது.

பூட்டை மாற்றலாமா?

உங்கள் கடிதத்தில் அதிக ஆவலோடு கேட்டிருப்பது இதைத்தான். அவர் ஊருக்குப் போகும் வெள்ளிக்கிழமையைக்கூட குறிப்பிட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில்.

சட்டத்தில் அவர் பக்கம் பலவீனமானதுதான். இருந்தும் அவருடைய துணிமணிகளும் சான்றிதழ்களும் வீட்டுக்குள் இருக்கும்போது பூட்டை மாற்றினால், அதுவரை புகார் கொடுப்பவராக இருந்த நீங்கள் புகாருக்குப் பதில் சொல்பவராக மாறிவிடுவீர்கள். சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டேன் என்று குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 6-ஆம் பிரிவில் ஆறு மாதங்களுக்குள் அவர் வழக்குப் போட்டுப் பார்க்கலாம். லேப்டாப்பைக் காணவில்லை, பணத்தைக் காணவில்லை என்று புகார் எழுதிக் கொடுக்கலாம். வழக்கு நிற்காமல் போகலாம். ஆனால் நீங்கள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலில் உட்கார வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை இரவு குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டுகிறவருக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கப்போவது அந்தக் கதவு மட்டும்தான். ஏற்கெனவே உங்கள் கையை முறுக்கியவர் அவர்.

தெரிந்த ஆட்களை அனுப்பி மிரட்டி வெளியேற்றலாம் என்று அலுவலக நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவர்கள் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் நீங்களும் குற்றவாளியாகச் சேர்க்கப்படுவீர்கள்.

அவரே தன் பொருட்களை எடுத்துக்கொண்டு, வேறு இடத்தில் தங்கத் தொடங்கி, திரும்பி வராமல் இருந்தால் நிலைமை வேறு. அப்போது உரிமையாளருக்குச் சொல்லிவிட்டுப் பூட்டை மாற்றிக்கொள்ளலாம்.

உரிமையாளர் என்ன செய்ய முடியும்?

அவர் உங்களுக்குச் சாட்சியாக இருக்கலாம். உங்கள் சார்பில் ஒருவரை வெளியேற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின்படி, உரிமையாளர் யாரையும் காலி செய்ய வைக்க வேண்டுமென்றால் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வெளியேற்றுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. அதனால் "இரண்டு நாள் கரண்டை நிறுத்துங்கள், அவரே போய்விடுவார்" என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். அந்த இருட்டில் உட்காரப்போவது நீங்களும்தான்.

ஆனாலும் அவரிடம் பேசுங்கள். அந்த மனிதர் தன் கதையைச் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுவது நல்லது. "நாங்கள் முறைப்படி திருமணம் செய்துகொள்ளவில்லை. சேர்ந்து வாழ்ந்தோம். இப்போது அவர் என்னை அடிக்கிறார். வாடகைதாரர் நான்தான், வாடகை தவறாது" என்ற அளவுக்குச் சொன்னால் போதும். உரிமையாளர் கோபப்படலாம், இரண்டு பேரும் காலி செய்யுங்கள் என்றும் சொல்லலாம். அந்த ஆபத்து இருக்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் நினைத்த உடனே நீங்கள் வெளியேற வேண்டியதில்லை. ஒப்பந்தத்தை எடுத்து, காலம் முடிந்துவிட்டதா, யார் யார் குடியிருக்கலாம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டை நீங்கள் தொடர்ந்து வைத்துக்கொள்வதென்றால், உங்கள் பெயரில் மட்டும் புதுப்பித்து, சட்டம் கேட்கிறபடி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். சென்னையில் நடக்கும் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதினொரு மாதத் தாளாக அலமாரியில் கிடப்பவை. இப்படிப்பட்ட நாளில்தான் பதிவின் மதிப்பு தெரியும்.

உங்கள் நிலையில் நான் எடுக்கும் வழி

கை நீட்டல் நடந்துவிட்டதால், அமைதியாக நோட்டீஸ் கொடுத்து முப்பது நாள் காத்திருங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் மனு போடுவதுதான் உங்களுக்கான முதல் வழி. அதற்கு முன்னறிவிப்பு எதுவும் தேவையில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதியில் மட்டுமன்றி, வேலை பார்க்கும் இடத்துக்கு உரிய நீதிமன்றத்திலும் மனு போடலாம்.

அந்த மனுவில் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். 18-ஆம் பிரிவில் பாதுகாப்பு உத்தரவு: அவர் உங்களைத் தாக்கக் கூடாது, அலுவலகத்துக்கு வரக் கூடாது, போனிலோ வேறு வழியிலோ தொடர்புகொள்ளக் கூடாது. 19-ஆம் பிரிவில் வசிப்பிட உத்தரவு: அவர் அந்த வீட்டிலிருந்து வெளியேற வேண்டும், அதை நிறைவேற்ற உள்ளூர் காவல் நிலையம் உதவ வேண்டும். 23-ஆம் பிரிவில், இறுதித் தீர்ப்புவரை இதே பாதுகாப்பு இடைக்கால உத்தரவாக வேண்டும். எட்டு மாதச் செலவையும், மருத்துவச் செலவையும் 20-ஆம் பிரிவில் சேர்த்துக் கேட்கலாம். பொருளாதார ரீதியாக நெருக்குவதும் வன்முறையே என்று சொல்லும் இந்தச் சட்டம், வீட்டு வாடகையையும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

அறுபது நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் நீதிமன்றத்தைக் கேட்டுக்கொள்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் அதைவிட நீளும். ஆகவே இடைக்கால உத்தரவில்தான் கவனம் வைக்க வேண்டும். முதல் நாளே, எதிர்த்தரப்பைக் கேட்காமல், "வெளியேறு" என்று உத்தரவிட நடுவர்கள் தயங்குவார்கள். பாதுகாப்பு உத்தரவு முதலில் வரும், வெளியேற்றம் அடுத்த ஒன்றிரண்டு வாய்தாக்களில் வரும் என்று எதிர்பாருங்கள். பாதுகாப்பு உத்தரவு கைக்கு வந்த பிறகு அவர் உங்கள்மேல் கை வைத்தால், அது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு. "வெளியேறினால் அவருக்குத் தங்க இடமில்லை" என்று எதிர்த்தரப்பில் நிச்சயம் வாதிடுவார்கள். 2022-இல் ஒரு தம்பதி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், கணவரை வெளியேற்றுவதுதான் வீட்டில் அமைதிக்கு ஒரே வழியென்றால், அவருக்கு வேறு இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படி உத்தரவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கறிஞர் அதை எடுத்துக்காட்டலாம்.

மனுவுக்கு முன்னதாக மாவட்ட சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நடந்ததை அவர் குடும்ப வன்முறை அறிக்கையாகப் பதிவு செய்து நடுவருக்கு அனுப்புவார். அங்கே போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். "அடிக்கடி கொடுமைப்படுத்தினார்" என்று எழுதினால் பயன் குறைவு. "12-ஆம் தேதி, சனிக்கிழமை, இரவு பத்தரை மணி. சமையலறை. ஏடிஎம் கார்டைக் கேட்டார், தரவில்லை. வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். மறுநாள் காலை மருத்துவமனை" என்று எழுதுங்கள். தேதியும் இடமும் நேரமும் இருக்கும் நான்கு வரி, நாற்பது பக்கக் கண்ணீரைவிட நீதிமன்றத்தில் நின்று பேசும்.

மருத்துவமனையில் பொய் சொல்லிவிட்டேனே என்று கவலைப்படுகிறீர்கள். காயமும் தேதியும் அந்தச் சீட்டில் இருக்கின்றன. அவை போதும். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அறிக்கையிலும் மனுவிலும் உள்ளபடி எழுதுங்கள்: அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், எனக்குப் பயமாக இருந்தது. எதிர்த்தரப்பு அதைத் தோண்டி எடுப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிட்டால், அதன் கூர்மை போய்விடும். இனி ஒரு முறை நடந்தால், அரசு மருத்துவமனைக்குப் போய் உண்மையைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

காவல் நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். "இது சிவில் விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லக்கூடும். வீட்டைக் காலி செய்ய வைப்பது போலீஸின் வேலை இல்லை என்பதுவரை அது சரி. அடித்ததும் மிரட்டியதும் சிவில் விவகாரம் இல்லை. சாதாரணக் காயம் போன்ற சில குற்றங்களில் நடுவரின் அனுமதி இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது. அந்தச் சூழலிலும் ரசீது உங்களுக்கு ஒரு தேதியிட்ட ஆவணமாக நிற்கும். உங்கள் உறவு எப்படிப்பட்டது என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. முன்பின் தெரியாதவர் அடித்தாலும் அது குற்றம்தான். விவாகரத்து முடியாமல் இருந்து குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காமல் போனாலும், இந்தப் புகாரும், நான் மேலே சொன்ன உரிமையியல் வழக்கும் இருக்கவே இருக்கின்றன.

"திருமணம் செய்வதாக ஏமாற்றினார் என்று கேஸ் போடு, பயந்து ஓடிவிடுவார்" என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஒரு குற்றப் பிரிவு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் உண்டு. உண்மையிலேயே அப்படி நடந்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. நடக்காத ஒன்றைச் சேர்த்தால், நடந்த எல்லாவற்றின்மீதும் சந்தேகம் விழும்.

எழுத்தில் ஒரு நோட்டீஸ்

அனுமதியை ரத்து செய்யும் நோட்டீஸும் வேண்டும். அதை நீங்களே கையில் கொடுக்க வேண்டாம். வழக்கறிஞர் மூலம் பதிவுத் தபாலில் போகட்டும். அது அவர் கைக்குப் போய்ச் சேரும் நாட்களில் தோழி வீட்டிலோ விடுதியிலோ தங்கிக்கொள்ளுங்கள். நான்கைந்து வாக்கியங்கள் போதும்:

"மேற்படி முகவரியிலுள்ள வீட்டின் வாடகைதாரர் நான் மட்டுமே. இதுவரை என் சம்மதத்துடன் தாங்கள் அங்கு வசித்து வந்தீர்கள். அந்தச் சம்மதத்தை இத்துடன் திரும்பப் பெறுகிறேன். இந்த அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் தங்கள் பொருட்களுடன் வெளியேறவும். தாங்கள் என்னிடம் கொடுத்த 20,000 ரூபாயை வெளியேறும் நாளில் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்துகிறேன்."

இதில் இரண்டு எச்சரிக்கைகள். கோபத்தில் அவரை "விருந்தாளி", "நண்பர்", "அறைத்தோழர்" என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். நாளை நடுவர் முன், தம்பதியைப் போல் வாழ்ந்தோம் என்று நீங்கள் சொல்லும்போது, அந்த ஒற்றைச் சொல்லை எடுத்து நீட்டுவார்கள். அதேபோல் அந்த 20,000 ரூபாயை "வாடகையில் உங்கள் பங்கு" என்று குறிப்பிட வேண்டாம். அவரும் வாடகைதாரர் என்று வாதிட நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும். மனுவையும் நோட்டீஸையும் ஒரே வழக்கறிஞர் எழுத வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அந்த மனிதர் முந்திக்கொண்டு தடையாணை கேட்கக்கூடும் என்று தோன்றினால், உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு கேவியட் மனுவும் போட்டு வையுங்கள். 90 நாட்களுக்கு, உங்களைக் கேட்காமல் உத்தரவு பிறக்காது.

வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயப்படாதீர்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பெண் என்ற ஒரே காரணத்துக்காக உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

படங்களைக் காட்டி மிரட்டுவது

இந்த மிரட்டல்தான் உங்களை எட்டு மாதங்களாக வாய்திறக்க விடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். அனுப்பினால்தான் குற்றம் என்று எண்ண வேண்டாம். "அனுப்புவேன்" என்று மிரட்டுவதே குற்றம். அந்தரங்கப் படங்களைச் சம்மதமின்றி அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவுகளும் சேரும். 67ஏ பிரிவில் முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மிரட்டல் செய்திகளை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள். தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவர் கை படாத ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். அதை மகளிர் காவல் நிலையப் புகாரிலும் எழுதுங்கள்.

அப்பாவிடம் நீங்களே முதலில் சொல்லிவிட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். இது சட்ட ஆலோசனை இல்லை, நானாகச் சொல்வது. எல்லாக் குடும்பத்திலும் அது நடக்காது என்று எனக்குத் தெரியும். நேராக அப்பாவிடம் முடியாவிட்டால் அக்காவிடமோ சித்தியிடமோ சொல்லலாம். உங்கள் பக்கம் ஒருவருக்காவது தெரிந்துவிட்டால், அந்த மனிதர் கையில் இருக்கும் ஆயுதத்தின் பாதிப் பலம் போய்விடும்.

நீங்களே போய்விடுவதா?

அதில் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அது எளிதும் இல்லை. அவரை உள்ளே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் கிளம்பினால் ஒப்பந்தம் உங்கள் பெயரில் தொடரும். வீடு உரிமையாளர் கைக்குப் போகும்வரை வாடகைப் பொறுப்பு உங்கள்மேல் நிற்கும். அட்வான்ஸ் அதிலேயே கரைந்துபோகும்.

பாதுகாப்புக்காகச் சில வாரங்கள் வெளியே தங்குவது வேறு. அதனால் உங்கள் உரிமை போகாது. முன்பு எப்போதாவது வாழ்ந்த வீட்டையும் பகிர்ந்து வாழ்ந்த வீடாகவே சட்டம் கருதுகிறது. வெளியே இருக்கும் மாதங்களிலும் வாடகையை உங்கள் கணக்கிலிருந்தே செலுத்துங்கள். கிளம்பும் நாளில் ஒப்பந்தம், ஆதார், பான், கல்விச் சான்றிதழ்கள், வங்கிப் பாஸ்புக், நகைகள், மருத்துவச் சீட்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம், யுபிஐ ரகசிய எண்களையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றுங்கள். வீட்டுக்குள் இருக்கும் உங்கள் பொருட்களையும் அவருடைய பொருட்களையும் அறை அறையாக வீடியோ எடுத்து வையுங்கள்.

இன்றிரவே அவர் கை ஓங்கினால், மேலே எழுதியது எதையும் யோசிக்காமல் முதலில் வீட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வெளியே வந்த பிறகு 112-ஐயோ 181-ஐயோ அழையுங்கள். 181-இல் பேசுகிறவர்கள் அருகிலுள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள். தற்காலிகத் தங்குமிடம், மருத்துவம், போலீஸ், சட்ட உதவி எல்லாவற்றையும் அங்கிருந்தே ஏற்பாடு செய்ய முடியும்.

கடைசியில் அந்த வீடே வேண்டாம் என்ற முடிவுக்கு நீங்கள் வந்தாலும், வெளியேற்ற உத்தரவு வந்து அவர் போன பிறகு காலி செய்யுங்கள். உரிமையாளருக்கு ஒப்பந்தத்தில் உள்ளபடி எழுத்தில் முன்னறிவிப்புக் கொடுங்கள். மின் கட்டணத்தைத் தீர்த்து, சாவியை அவர் கையிலேயே ஒப்படையுங்கள். சாவி பெற்றுக்கொண்டதற்கும், மீதி அட்வான்ஸ் எவ்வளவு, எந்தத் தேதியில் தருவார் என்பதற்கும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.